எரிவாயு போய் எண்ணெய் வந்த கதை



நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் அடுப்பின் வரலாற்றைச் சொல் என்று கேட்டால், நாம் பாடம் நடத்தும் வகுப்பில் நான்காம் ஆண்டுச் சிறுவன்கூட வரிசை தவறாமல் சொல்லிவிடுவான். பாட்டி காலத்தில் ரப்பர் விறகு. அம்மா சிறுமியாய் இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. இப்போது எரிவாயுத் தோம்பு. விறகிலிருந்து எண்ணெய், எண்ணெயிலிருந்து வாயு. முன்னேற்றத்தின் படிக்கட்டு இதுதான் என்று நாமும் எண்ணிப் பழகிவிட்டோம். மண்ணெண்ணெயை விட்டு வாயுவுக்குப் போனவர்களை நமக்குத் தெரியும். வாயுவை விட்டு மண்ணெண்ணெய்க்குப் போனவர்கள் உண்டா?

உண்டு. ஒரு நகரமே அப்படிப் போயிருக்கிறது. அதன் பெயர் பெல்பாஸ்ட். வட அயர்லாந்தின் தலைநகர். டைட்டானிக் கப்பலைக் கட்டி 1912-ஆம் ஆண்டில் கடலுக்கு அனுப்பிய ஊர் என்றால் உடனே விளங்கிவிடும். 1980-களில் அந்நகரிலும் வட அயர்லாந்தின் பிற நகரங்களிலும் எரிவாயு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயை எரித்துக் குளிர்காயத் தொடங்கின. இவ்வளவும் நடந்தபோது, குறுகலான ஒரு கடலுக்கு அப்பால், ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் வீடுதோறும் மலிவான இயற்கை எரிவாயு வந்து கொண்டிருந்தது. அக்கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். பக்கத்தில் வாயு இருக்க, இவர்கள் ஏன் எண்ணெயைத் தேடிப் போனார்கள்? அதையே இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நமக்குக் குளிர் என்றால் கேமரன் மலை. ஒரு கம்பளிச் சட்டையும் சூடான தேநீரும் இருந்தால் அது சுகமான குளிர். பெல்பாஸ்டின் குளிர் வேறு வகை. ஜனவரி மாதத்தில் சராசரி வெப்பம் 4 அல்லது 5 பாகை செல்சியஸ். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். பனிப்பொழிவு குறைவு, ஈரமும் காற்றும் மிகுதி. சுவரில் ஈரம் ஏறும், துவைத்த துணி உலராது, முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நெஞ்சில் சளி கட்டும். அங்கே வீட்டைச் சூடாக்குவதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முற்காலத்தில் அறைக்கு ஒரு கணப்படுப்பு இருந்தது; அதில் நிலக்கரி எரிந்தது. பின்னர் வந்தது கொதிகலன் முறை. கொதிகலன் என்றதும் நமக்கு எண்ணெய்ப்பனை ஆலையில் ஆவி கக்கும் பெரிய உருளை நினைவுக்கு வரும். வீட்டுக் கொதிகலன் அவ்வளவு பெரிதன்று. பெயர்தான் கொதிகலனே தவிர, அது தண்ணீரைக் கொதிக்க விடுவதுமில்லை. எழுபது, எண்பது பாகைக்குச் சூடாக்கும். அந்தச் சுடுநீரைச் சிறு பம்பு ஒன்று குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பும். ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாக ரேடியேட்டர் என்னும் தட்டையான இரும்புப் பெட்டி இருக்கும். சுடுநீர் அதனுள் புகுந்து, வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து, மறுபடியும் கொதிகலனுக்கே திரும்பிவிடும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே தீ ஓரிடத்தில் எரிகிறது, அதன் வெப்பம் கொட்டகை முழுவதும் பரவுகிறது. அங்கே வெப்பத்தைச் சுமப்பது புகை. இங்கே சுமப்பது தண்ணீர்.

அடியில் எரிவது நிலக்கரியா, வாயுவா, எண்ணெயா என்பது ரேடியேட்டருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஆகவே எரிபொருளை மாற்ற விரும்புகிறவர் வீட்டையே இடித்துக் கட்ட வேண்டியதில்லை. கொதிகலனையும் அதற்குத் தீனி வரும் வழியையும் மாற்றினால் போதும். இந்தச் செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி வாயுவுக்கு வருவோம். எரிவாயு என்றால் இன்று நாம் நிலத்தடியிலிருந்தும் கடலடியிலிருந்தும் எடுக்கும் வாயுவை நினைக்கிறோம். பழைய நகரங்களில் எரிந்தது ஆலையில் செய்த வாயு. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, வெளியிலிருந்து சூடேற்றினால், அது எரியாமல் வாயுவைக் கக்கும். ஐதரசனும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு அது. கலத்தில் எஞ்சுவது கோக் என்னும் கரி. வழியில் வடிவது தார். வில்லியம் மர்டாக் என்ற பொறியாளர் 1792-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்ரூத் என்னும் ஊரில் தம் வீட்டிலேயே இவ்வாயுவால் விளக்கேற்றினார். 1812-இல் லண்டனில் இதற்கென ஒரு கம்பெனி தோன்றியது. சிங்கப்பூர் காலாங்கில் 1862-இல் தொடங்கி 1998 வரை இயங்கிய எரிவாயு ஆலை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் பெரிய இரும்புத் தொட்டிகளைப் பேருந்திலிருந்து பார்த்த நினைவு நேயர்கள் சிலருக்கு இருக்கலாம்.

பெல்பாஸ்டில் 1820-களில் எரிவாயு விளக்குகள் எரியத் தொடங்கின. லாகன் ஆற்றங்கரையில், ஓர்மோ சாலையில் ஆலை எழுந்தது. 1874-ஆம் ஆண்டில் நகராட்சி அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அங்கேதான் கதை சுவையாகிறது. லினன் துணி ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் பெருகிய காலம் அது. 1888-இல் விக்டோரியா அரசியார் பெல்பாஸ்டுக்கு மாநகர் என்ற தகுதியை வழங்கினார். மாநகருக்கு ஏற்ற மண்டபம் வேண்டாமா? மூன்றரை இலட்சம் பவுண்டுக்கு மேல் செலவிட்டு, பச்சைச் செம்புக் கூரையோடு ஒரு பெரிய மண்டபம் கட்டி 1906-இல் திறந்தார்கள். அந்தச் செலவுக்குக் கைகொடுத்தது எரிவாயு ஆலையின் இலாபம். அந்நகருக்குச் சுற்றுலா போகிறவர் அனைவரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த மண்டபம், ஏழைகள் மீட்டரில் போட்ட சில்லறைக் காசாலும் எழுந்தது என்பதை வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வதில்லை.

சில்லறைக் காசு என்றது வெறும் அலங்காரப் பேச்சன்று. துணி ஆலைத் தொழிலாளர் குடியிருந்தவை செங்கல் வரிசை வீடுகள். நம் லயங்களைப் போல ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நீண்டு கிடப்பவை. அவ்வீடுகளில் வாயு மீட்டருக்குக் காசு போடும் துளை உண்டு. காசு போட்டால் வாயு வரும், தீர்ந்தால் நின்றுவிடும். கம்பெனி ஆள் வந்து மீட்டரைத் திறந்து காசை எண்ணி எடுத்துச் செல்வார். இதில் ஒரு நன்மையைக் கவனிக்க வேண்டும். கையில் பத்துக் காசு இருந்தால் பத்துக் காசுக்கு வாயு வாங்கலாம். மொத்தப் பணம் இல்லாதவன் அடுப்பும் எரியும்.

அவ்வாயுவுக்குக் குறையும் இருந்தது. கார்பன் மோனாக்சைடு கொடிய நஞ்சு. கசிந்தால் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். வேறொரு குறை, அதற்கு வேண்டிய நிலக்கரி. வட அயர்லாந்தில் கோல் ஐலண்ட் என்று நிலக்கரியின் பெயரையே தாங்கிய ஊர் உண்டு. ஆனால் அங்கே கிடைத்த கரி ஒரு மாநகரைத் தாங்குமளவுக்கு இல்லை. பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. 1960-களில் நிலக்கரிக்குப் பதிலாக நாப்தா போன்ற எண்ணெய்ப் பொருள்களிலிருந்து வாயு செய்யும் முறை பரவியது. எண்ணெய் மலிவாய்க் கிடைத்த காலம். பழைய கரிக்கலங்களைக் கழித்துவிட்டு வட அயர்லாந்தின் ஆலைகளும் எண்ணெய்க்கு மாறின. அந்த நேரத்தில் அது அறிவுள்ள முடிவாகவே தோன்றியது.

அதே பத்தாண்டில் பிரிட்டனுக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'சீ ஜெம்' என்னும் துரப்பண மேடை வடகடலின் அடியில் இயற்கை எரிவாயுவைக் கண்டது. (அம்மேடை அதே ஆண்டு டிசம்பரிலேயே சரிந்து கடலில் மூழ்கிப் பதின்மூவர் மாண்டனர். நாம் சுவிட்சைத் தட்டியவுடன் வந்து நிற்கும் வசதிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.) இயற்கை வாயு ஒரே அளவில் பழைய வாயுவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் தரும், அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் எரியும் தன்மை வேறு. பழைய அடுப்பின் துளைகளில் அது சரியாக எரியாது. அதனால் 1967 முதல் 1977 வரை பத்தாண்டுக் காலம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வீடு வீடாக ஆள்கள் போய், ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் அடுப்புகளையும் கொதிகலன்களையும் மாற்றியமைத்தார்கள். போர்க்காலம் அல்லாத காலத்தில் ஓர் அரசு நிறுவனம் செய்து முடித்த மாபெரும் வேலைகளில் ஒன்றாக இதைக் கருதுவது தகும்.

வட அயர்லாந்தும் அதே அரசுக்குட்பட்ட நிலந்தான். ஆனால் குழாய் கடற்கரையோடு நின்றுவிட்டது.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஈரான் புரட்சியை ஒட்டி 1979-இல் மறுபடியும் ஏறியது. எண்ணெயிலிருந்து வாயு செய்துகொண்டிருந்த பெல்பாஸ்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். இயற்கை வாயு பெற்ற ஊரார் கொடுத்ததைப் போல மடங்குக் கணக்கில் இவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. வசதியுள்ளவர் வாயுவைக் கைவிட்டு மின்சாரத்துக்கும் நிலக்கரிக்கும் போனார்கள். குழாய்களைப் பேணும் செலவோ குறையவில்லை. நூறு பேர் பகிர்ந்த செலவை எழுபது பேர் பகிர வேண்டும், விலை ஏறும், அதைக் கண்டு இன்னும் பத்துப் பேர் போவார்கள், எஞ்சியவர் தலையில் இன்னும் ஏறும். இந்த நூறும் எழுபதும் விளக்கத்துக்காக நாம் சொல்லும் எண்கள். தோட்டத்துக் கூட்டுறவுக் கடை எப்படி நொடித்துப் போகும் என்பதைப் பார்த்தவர்களுக்குக் கணக்கு விளங்கும். கடைசிவரை விட்டுப்போக முடியாமல் நிற்பவர் யார் என்றும் விளங்கும். புதுக் கொதிகலன் வாங்கப் பணமில்லாதவர்கள்தாம்.

மருந்து என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது: ஸ்காட்லாந்திலிருந்து கடலடியில் ஒரு குழாய். 1979-ஆம் ஆண்டு மே மாதத்தில் பதவிக்கு வந்த தாட்சர் அம்மையாரின் அரசாங்கம், இரண்டே மாதங்களில், ஜூலையில், அப்படியொரு குழாய்க்குப் பணம் தருவதற்கில்லை என்று அறிவித்தது. செலவுக்கேற்ற வரவு இராது என்பது காரணம். பிறகு தெற்கே பார்த்தார்கள். அயர்லாந்துக் குடியரசின் கார்க் நகருக்கு அப்பால், கடலில் கின்சேல் என்னுமிடத்தில் 1971-இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை டப்ளின் வழியாக பெல்பாஸ்டுக்குக் கொண்டுவர இரு அரசாங்கங்களும் 1983-இல் உடன்பாடு கண்டன. அந்நாளில் வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் கலவரமும் ஓயவில்லை. அந்தச் சூழ்நிலையில் வடக்கும் தெற்கும் ஒரு குழாயால் இணைவது பெரிய செய்தி. ஆனால் 1984-இல் அதுவும் கைவிடப்பட்டது. இம்முறையும் கட்டுப்படியாகாது என்றே சொன்னார்கள்.

குழாயின் விலையை அவர்கள் கணக்கிட்டது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. குழாய் இல்லாமற்போனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் கைப்பணத்தில் வாங்க வேண்டிய கொதிகலன், தொட்டி, எண்ணெய் ஆகியவற்றின் விலை அக்கணக்கில் போதிய இடம் பெறவில்லை என்பதே நம் கருத்து. அரசாங்கத்தின் ஏட்டில் மிச்சமான தொகை வீட்டு ஏடுகளில் செலவாக ஏறிவிட்டது.

1985-இல் எரிவாயுத் தொழிலை ஒடுக்குவதற்கான சட்ட ஏற்பாடு வந்தது. ஊர் ஊராக ஆலைகள் மூடப்பட்டன. ஓர்மோ சாலை ஆலை 1988-இல் ஓய்ந்தது. கேரிக்பெர்கஸ் என்னும் சிற்றூரில் 1855-ஆம் ஆண்டு தொடங்கிய ஆலை மட்டும் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

மூடிய வேளையில் ஒரு விந்தை நடந்தது. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 25 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 1986-ஆம் ஆண்டின் நடுவில் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. எந்த எண்ணெய் விலையால் வாயு ஆலைகள் நொடித்தனவோ, அந்த எண்ணெய், ஆலைகள் மூடிய கையோடு மலிவாகிவிட்டது. மக்கள் எல்லாரும் ஒரே நாளில் எண்ணெய்க்கு ஓடிவிடவில்லை. பலர் நிலக்கரி அடுப்பையே தொடர்ந்தனர், சிலர் இரவுநேர மலிவு மின்சாரத்துக்குப் போனார்கள். ஆனால் பெட்டி பெட்டியாகக் கரி சுமந்து சாம்பல் அள்ளியவர்களுக்கு, சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வீடு சூடாகும் முறை எவ்வளவு இனித்திருக்கும்! 1990-களில் எண்ணெய்க் கொதிகலன்கள் வேகமாகப் பரவின. எண்ணெயைச் செலவழித்து வாயு செய்து, அதைக் கசியும் பழங்குழாயில் அனுப்பி எரிப்பதைவிட, எண்ணெயையே வீட்டில் எரிப்பது இலாபம் என்பது எளிய கணக்கல்லவா?

இனி, வாயுக் கொதிகலன் இருந்த ஒரு வீட்டில் இந்த மாற்றம் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். முதலில் வாயு நிறுத்தப்பட்டு, மீட்டர் கழற்றப்பட்டு, குழாயின் வாய் அடைக்கப்படும். பழைய கொதிகலனை எடுத்துவிடுவார்கள். ரேடியேட்டர்களும் சுவருக்குள் ஓடும் நீர்க்குழாய்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆண்டுக் கணக்கில் படிந்த துருச்சேற்றை மட்டும் அலசி வெளியேற்ற வேண்டும். பிறகு கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தளம் போட்டு எண்ணெய்த் தொட்டியை வைப்பார்கள். அக்காலத்தில் பெரும்பாலும் இரும்புத் தொட்டி; பின்னாளில் பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி. இன்றைய விதிப்படி தொட்டி வீட்டுச் சுவரிலிருந்து 1.8 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இல்லையேல் இடையில் தீத்தடுப்பு வேண்டும். வரிசை வீட்டின் கொல்லையோ ஒரு பாய் விரிக்கும் அகலம். அங்கே தொட்டியை எந்த மூலையில் நிறுத்துவது என்பதே பெரிய பாடு.

தொட்டியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று கொதிகலனுக்குப் போகும். வழியில் தூசி வடிகட்டி ஒன்று. தீ பற்றினால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. கொதிகலன் அருகே அளவுக்கு மீறிச் சூடேறினால் அது எண்ணெயை நிறுத்திவிடும்.

எண்ணெய் எரிப்பானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். வாயு தானாகக் காற்றோடு கலந்து எரியும். மண்ணெண்ணெய் அப்படி எரியாது. நம் பழைய விளக்கில் திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுவந்து ஆவியாக்கிக் கொடுத்தது. பம்பு அடுப்பில் சூடான குழாய் அந்த வேலையைச் செய்தது. இக்கொதிகலனில் திரிக்குப் பதிலாக ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி, ஊசிமுனை அளவு துளையுள்ள மூக்கு வழியே பீய்ச்சும். எண்ணெய் பனிப்புகைபோல் சிதறும். விசிறி காற்றை ஊதும், மின்பொறி பற்றவைக்கும். தீ எரிகிறதா என்று பார்க்க ஒளியை உணரும் ஒரு கண் இருக்கும். குறித்த நேரத்துக்குள் அது ஒளியைக் காணாவிட்டால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். பற்றாத எண்ணெய் உள்ளே தேங்கி ஆபத்தாவதைத் தடுக்கும் ஏற்பாடு. ஆனால் பம்பு, விசிறி, பொறி அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் வீடு குளிர்ந்துபோகும். 1974-ஆம் ஆண்டு மே மாதம் இரு வாரங்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் வட அயர்லாந்து முழுவதும் மின்வெட்டால் தவித்தது. பழைய கணப்படுப்பைச் சுவரெழுப்பி மூடிவிடாமல் வைத்திருந்த வீடுகளுக்கு அதன் அருமை அப்போது தெரிந்திருக்கும்.

அங்கே இதற்கு விற்கும் எண்ணெயை '28 வினாடி எண்ணெய்' என்பார்கள். பெயர் விசித்திரமாய் இருக்கிறதல்லவா? ரெட்வுட் என்பவர் பெயரால் வழங்கும் ஒரு கருவியில் 50 மில்லிலிட்டர் எண்ணெய் சிறு துளை வழியே வடிவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பார்கள். நேரம் குறைந்தால் எண்ணெய் நீர்த்தது, கூடினால் கெட்டியானது. டீசலை ஒத்த கெட்டி வகை 35 வினாடி. 28 வினாடி வகை வேறொன்றுமில்லை, நம் அரிக்கேன் விளக்கில் எரிந்த மண்ணெண்ணெய்தான். கடுங்குளிரிலும் அது உறையாது. ஆகையால் தொட்டியை வெட்டவெளியில் வைக்க முடிகிறது.

மாற்றம் இவ்வளவுதான். இதில் பெரிய பொறியியல் சிக்கல் ஒன்றுமில்லை. பணம் கொடுக்கும் முறையில்தான் வாழ்க்கை மாறிப்போயிற்று.

வாயு மீட்டரில் காசைப் போட்டு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். எண்ணெய் லாரியோ ஒரு வீட்டுக்காக வந்து நீண்ட குழாயை இழுத்து நிரப்ப வேண்டுமானால் சில நூறு லிட்டராவது வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் பெரும்பணம் கைவிட்டுப் போகும். சம்பளத்தை வாரக் கணக்கில் வாங்கும் குடும்பத்துக்கு இது மலைப்பு. ஆகவே 20 லிட்டர் டப்பாவைப் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றும் வழக்கம் ஏற்பட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் லாரி எண்ணெயைவிட அது விலை கூடுதல். இல்லாதவன் அதிக விலை கொடுக்கிறான். மாதக் கடைசியில் சில்லறையாகச் சீனி வாங்கிய நம் பெற்றோருக்குப் புதிய செய்தியா இது? பின்னாளில் அங்குள்ள நகராட்சிகள் எண்ணெய்ச் சேமிப்பு முத்திரைகளை அறிமுகப்படுத்தின. நாம் பள்ளியில் அட்டையில் முத்திரை ஒட்டிப் பணம் சேர்த்தோமே, அதே முறைதான். கோடையில் முத்திரை வாங்கி ஒட்டி, குளிர்காலம் வரும்போது அட்டையைக் கொடுத்து எண்ணெய் வாங்கலாம்.

கடலடிக் குழாய் ஒருநாள் வந்தே சேர்ந்தது. 1996-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்கு இயற்கை எரிவாயுக் குழாய் நிறைவுற்றது. வீடுகள் கேட்டபோது வராத குழாய், பாலிலம்போர்டு மின்நிலையம் எண்ணெயை விட்டு வாயுவுக்கு மாற வேண்டும் என்றானபோது வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் நின்றால் கட்டுப்படியாகாத கணக்கும் கட்டுப்படியாகிவிடுகிறது. அதன்பின் பெல்பாஸ்டின் தெருக்களைத் தோண்டி வீடுகளுக்குப் புதுக்குழாய் பதித்தார்கள். வாயுக் கொதிகலனைக் கழற்றி எண்ணெய்க் கொதிகலன் வைத்த குடும்பங்களில் சில, எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றி மறுபடியும் வாயுவுக்கு வந்தன.

ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகள் ஒரு நாட்டின் பழக்கத்தையே மாற்றிவிட்டிருந்தன. 2016-ஆம் ஆண்டில் எடுத்த வீட்டுநிலை ஆய்வின்படி வட அயர்லாந்தின் வீடுகளில் 68 விழுக்காடு எண்ணெயால் சூடேறின. கடலுக்கு அப்பால் கிரேட் பிரிட்டனில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதன் விளைவு 2022-இல் வெளிப்பட்டது. உக்ரேன் போரால் எரிபொருள் விலை ஏறியபோது, வாயுவையும் மின்சாரத்தையும் பயன்படுத்துவோர்க்கு விலையைக் கண்காணிக்கும் அமைப்பு இருந்தது. வீட்டுக்கு எண்ணெய் விற்கும் விலைக்கோ அத்தகைய கட்டுப்பாடு இல்லை. சந்தை சொன்னதே விலை. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வட அயர்லாந்தின் வீடுகளுக்கு 600 பவுண்டு உதவித்தொகை வழங்கத் தொடங்கினார்கள். அதில் 400 மின்கட்டணத்துக்காக. 200 எண்ணெய் போன்ற மாற்று எரிபொருளுக்காக. வங்கி வழியாகப் பெறாதவர்கள், வீட்டுக்கு வந்த பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு குளிரில் தபால் நிலையத்தின் முன் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஓர்மோ சாலை ஆலை இருந்த இடத்தில் இன்று அலுவலகங்கள் நிற்கின்றன. பழைய மணிக்கூண்டை இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். மேற்குப் பகுதியின் ஸ்ட்ரபேன் நகருக்கு எரிவாயு 2017-இல்தான் எட்டியது. அதற்குள் 2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பருவநிலைச் சட்டம், 2050-ஆம் ஆண்டுக்குள் கரிவாயு வெளியீட்டை நிகரக் கணக்கில் இல்லாமற் செய்ய வேண்டும் என்கிறது. அப்படியானால் எண்ணெயும் போக வேண்டும், இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த இயற்கை எரிவாயுவும் போக வேண்டும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின் இயந்திரத்தைச் சிலர் இப்போதே வைத்து வருகிறார்கள். அவ்வளவு சூடில்லாத தண்ணீரைக் கொண்டே அறையை வெதுவெதுப்பாக்க வேண்டியிருப்பதால், இம்முறை பல வீடுகளில் ரேடியேட்டரையும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கான பணத்தில் எவ்வளவு அரசு தரும், எவ்வளவு வீட்டுக்காரர் தருவார் என்ற பேச்சு அங்கே நடந்து வருகிறது.